தேசப்பண்ணன் சொன்ன நான்காம் பாகம்

பச்சையம்மா எனக்குப் போன் செய்தால், குப்பத்துப் பக்கம் எட்டிப் பார்க்காததற்கு முதலில் இரண்டு திட்டு விழும். அப்புறம்தான் விஷயம் வரும். போன வாரம் திட்டு விழவில்லை. "மாமா பூட்டாரு வசந்தா" என்றாள். காசிமேட்டில் அவர் காவலுக்கு இருந்த ஐஸ் பேக்டரி வாசலில், நாற்காலியில் உட்கார்ந்தவாக்கிலேயே போயிருக்கிறார். டீ கொண்டுபோனவன் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டுத் தோளைத் தொட்டிருக்கிறான். "டீய கையில வாங்கவே இல்லியாம்" என்றாள். அவள் அழவில்லை. நானும் அழவில்லை. போனை வைத்த பிறகு, எதற்கென்றே தெரியாமல் அடுப்பை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தேசப்பண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. வாலிபத்தில் துறைமுகத்தில் மூட்டை ஏற்றினார். பிறகு விசைப்படகில் போனார். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் ஐஸ் பேக்டரிக்குக் காவலாளி ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வூட்ல ஏழுமலை இருக்கான், அவனுக்குப் பண்ணி வெச்சா போதும்" என்பார். ஏழுமலை அவருடைய ஒரே தம்பி. பச்சையம்மா அந்தத் தம்பியின் மனைவி, என் வயதுக்காரி, என் சிநேகிதி. ஆனால் குப்பத்தில் தேசப்பண்ணன் என்று சொன்னால் படகோ ஐஸோ யாருக்கும் ஞாபகம் வராது. இங்கிலீஷ் படத்துக்குத் தமிழில் கதை சொன்னவர் என்றுதான் ஞாபகம் வரும்.

அந்தக் காலத்தில் ராயபுரத்துத் தியேட்டர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் போடுவார்கள். குப்பத்திலிருந்து இருபது பேர் கிளம்புவோம். ஒரே வரிசையில் உட்காருவோம், நட்டநடுவில் தேசப்பண்ணன். திரையில் வெள்ளைக்காரன் பேசி முடித்ததும் அவர் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் காதில் வாங்கி அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும், அவர் அதற்கடுத்தவருக்கு. இப்படிக் கதை இரண்டு பக்கமும் நகர்ந்து ஓரத்துக்குப் போகும். வழியில் ஆளாளுக்குக் கொஞ்சம் சேர்ப்பதும் உண்டு. கடைசி சீட்டில் இருப்பவர் ஒரு நகைச்சுவைக்குச் சிரிக்கும்போது திரையில் யாராவது செத்துக்கொண்டிருப்பான். இதற்காக மற்ற பேட்டைக்காரர்களிடம் எத்தனையோ தடவை வசவு வாங்கியிருக்கிறோம்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. துறைமுகத்தில் கேட்டுப் பழகிய எஸ், நோ, கேப்டன், ரோப், ஸ்லோ இவ்வளவுதான் மூலதனம். நான் டெலிபோன் எக்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சம் இங்கிலீஷ் பழகிய பிறகு, "அண்ணே, அவன் அப்படிச் சொல்லலையே" என்று ஒருமுறை கேட்டேன். "மொகத்தப் பாரு வசந்தா. மொகமே தமிழ்லதான் கீது" என்றார். உண்மையில், படத்தைவிட அவர் சொன்ன கதைதான் நன்றாக இருக்கும்.

அவர் சொன்னவற்றிலேயே நாங்கள் உயிராக நினைத்தது ஆகாயக் கப்பல் படம். இங்கிலீஷில் அதற்கு ஏதோ நீளமான பெயர், குப்பத்தில் யாருக்கும் வாயில் நுழையாது. ஒரு கேப்டன், அவனோடு ஓர் இளைஞன், கப்பலில் இன்னும் நாலு பேர், நட்சத்திரங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருப்பார்கள். கடல்காரர்களுக்குப் பிடிக்காமல் இருக்குமா? கரை தெரியாது, டீசல் தீரும், இயந்திரம் மக்கர் பண்ணும், சாப்பாட்டுக்குச் சண்டை வரும். முதல் பாகத்திலேயே அந்த இளைஞனைக் கேப்டனின் தம்பி என்று தேசப்பண்ணன் தீர்மானித்துவிட்டார். "மூக்கப் பாரு, ஒரே வயித்துப் பொறப்பு" என்றார். பக்கத்தில் இருந்த ஏழுமலை தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டான். வரிசை முழுக்கச் சிரித்தது.

அந்த ஏழுமலைதான் ஒரு ஐப்பசி மழையில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவனோடு போன மூன்று பேரும் வந்துவிட்டார்கள். அலை படகை ஒரு பக்கமாகச் சாய்த்தபோது அவன் வெளியே போய்விட்டான், இருட்டில் குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது என்றார்கள். தேசப்பண்ணன் எண்ணூர் முகத்துவாரம் வரை நடந்தே தேடினார். பழவேற்காடு வரை படகில் போனார். கரையில் எதுவும் ஒதுங்கவில்லை. பச்சையம்மாவுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. உடல் கிடைக்காததால் பொட்டை எடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கொஞ்ச நாள் பார்ப்போம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் பாகம் அப்புறம்தான் வந்தது. பச்சையம்மா வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்தாள். நாங்கள் பெண்கள் நாலு பேர் போய்க் கெஞ்சி, தலை வாரி, அழைத்துக்கொண்டு போனோம். சிரிக்க வைக்கலாம் என்றுதான் போனோம். படத்தின் பாதியில் அந்த இளைஞன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கப்பலுக்கு வெளியே எதையோ பழுது பார்க்கப் போகிறான். கயிறு அறுகிறது. கையைக் காலை ஆட்டிக்கொண்டு அவன் மெதுவாக, மெதுவாக இருட்டுக்குள் போகிறான். கேப்டன் கண்ணாடி வழியாகப் பார்த்து இங்கிலீஷில் மூன்றே வார்த்தை சொல்கிறான். எங்கள் வரிசையில் எல்லோரும் தேசப்பண்ணனையே பார்க்கிறோம். அவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"கேப்டன் இன்னா சொல்றான்னா" என்று ஆரம்பித்தவர் பச்சையம்மா பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கயிறுதான்டா அறுந்துச்சி, நீ போவல. நான் வந்து இட்டுகினு போறேன், அங்கியே இரு தம்பின்றான்." பக்கத்துக்காரர் அடுத்தவருக்குச் சொன்னார், அவர் எனக்கு, நான் பச்சையம்மாவுக்கு. அவள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மெய்யாலுமா மாமா?" என்று கேட்டாள். "கேப்டன் சொல்றான்மா" என்றார். படம் முடிந்து வெளியே வந்தபோது, பல நாளுக்குப் பிறகு அவள் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தாள். நாங்களும் நிம்மதியாகக் குடித்தோம்.

மூன்றாம் பாகத்தில் தம்பி வரவில்லை. கேப்டனுக்குத் தாடி முளைத்திருந்தது. "தம்பி கவலதான்" என்று தேசப்பண்ணன் விளக்கினார். எப்போது வருவான் என்று வரிசையே கேட்டது. "அடுத்ததுல வருவான். அவ்ளோ தூரம் சும்மாவா?" என்றார். அத்தோடு படம் எடுத்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். நாலாம் பாகம் என்ற பேச்சே இல்லாமல் வருடங்கள் ஓடின. எனக்குக் கல்யாணமாகிப் பெரம்பூருக்குப் போனேன். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டக் கொட்டக் கழிமுகத்தில் மீன் குறைந்தது. பச்சையம்மா நெற்றியில் பொட்டும் தலையில் பூவுமாக மீன் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

அவளை விவரம் தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஏலத்தில் அவளை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை. படம் வேறு, வாழ்க்கை வேறு என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் இதுதான் அவன் உடல் என்று அவளுக்குக் காட்டவும் யாரும் இல்லை, ஆள் இருக்கிறான் என்று சொல்லவும் யாரும் இல்லை. சொன்ன ஒரே ஒருவன் திரையில் இருந்த அந்தக் கேப்டன்தான். எண்ணூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்த, மனைவியை இழந்த ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு ஆள் அனுப்பினார். தங்கமான மனிதர். எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். "அவுரு வந்து நின்னா நான் எந்த வூட்டு வாசல்ல நிப்பேன்?" என்று கேட்டு, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் தேசப்பண்ணனைக் கரையில் பார்த்தேன். "அன்னிக்கு அழுதுடப் போறாளேன்னு ஒரு வார்த்த உட்டேன் வசந்தா. அது அவ தலையில ஏறி குந்திகினு எறங்க மாட்டேங்குது" என்றார். இல்லை என்று சொல்லிவிடுங்களேன் என்றேன். "சொல்லலாம். சொன்னா அவன் செத்துட்டான்னு ஆவும். எனக்கு மட்டும் அது முடியுமா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வார்த்தையை அவளுக்குச் சொன்னவரும் அதையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

வீட்டுக்கு வீடு கேபிள் வந்த பிறகு, ஒரு நாள் பழைய இரண்டாம் பாகத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். என் வீட்டுக்கு ஏதோ வேலையாக வந்திருந்த தேசப்பண்ணன் உட்கார்ந்துவிட்டார். கயிறு அறுந்தது. "நீதான் இப்ப நல்லா இங்கிலீஸ் பேசுறியே. இன்னா சொல்றான்?" என்று கேட்டார். நான் மழுப்பினேன், விடவில்லை. கதவை மூடு என்று சொல்கிறான் என்றேன். "கதவ மூடுன்னா சொன்னான்?" என்று இன்னொரு தடவை கேட்டார். "பேமானி" என்றார். பிறகு, "அடுத்த படத்துல கண்டிப்பா புத்தி வரும் அவனுக்கு. பச்சைகிட்ட சொல்லிக்காத" என்றார். அடுத்த படம் என்று ஒன்று இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

ஆனால் வந்தது. இரண்டாயிரம் பிறந்த கையோடு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், நாலாம் பாகம் வந்தது. திருவொற்றியூர் ரயில் நிலையத்துச் சுவரில் போஸ்டர். அதே கேப்டன், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு நிற்கிறான். கீழே பெரிய எழுத்தில் 'தமிழில்' என்று போட்டிருந்தது. குப்பமே அந்தச் சுவருக்கு முன்னால் நின்றது. தேசப்பண்ணன் போஸ்டரை முதலில் சந்தோஷமாகத்தான் பார்த்தார். பிறகு, "தமிழ்லயா?" என்று கேட்டார். யாரோ, "உனுக்கு ரெஸ்ட்டு நைனா" என்று கிண்டல் செய்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

காற்று சரியில்லாமல் கடலுக்குப் போகாத ஒரு நாளில், பழைய ஆட்களில் மிஞ்சியவர்கள் எல்லோரும் ராயபுரத்துக்கு ரயிலேறினோம். நானும் பெரம்பூரிலிருந்து போய்ச் சேர்ந்துகொண்டேன். பச்சையம்மா புதுப்புடவை கட்டி, முழம் முழமாகப் பூ வைத்திருந்தாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே போனதும் பழக்க தோஷம், நடு சீட்டைத் தேசப்பண்ணனுக்கு விட்டோம். படம் ஆரம்பித்தது. "விண்கலத்தின் எரிபொருள் குறைந்துவிட்டது, தளபதி!" என்றது திரை. "இன்னாடா இவன் ரேடியோ நியூஸ் மாரி பேசுறான்" என்றார் ஒருவர். எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது. தேசப்பண்ணன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வேலை போன மனிதர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கேப்டனைச் சுற்றி எல்லாம் புதுப்புது ஆட்கள், இளசுகள். ஒருத்தரும் அந்தத் தம்பியின் பெயரை எடுக்கவில்லை. இடைவேளையில் பச்சையம்மா, "எப்ப வருவாரு மாமா?" என்று கேட்டாள். 'வருவான்' என்று சொல்லவில்லை, 'வருவாரு' என்றாள். கவனித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டோம். "இப்பதானேம்மா பாதி. இன்டர்வெல் உட்டு வருவான்" என்றார்.

இடைவேளைக்குப் பிறகு கேப்டன் கண்ணாடி ஓரமாக வந்து நின்று வெளியே பார்த்தான். இருட்டு, நட்சத்திரம். இப்போது சொல்வான் என்று எனக்கே தோன்றிவிட்டது. "நமக்குப் பின்னால் எதுவும் இல்லை. முன்னோக்கிச் செல்லுங்கள்" என்றான். அப்போது தேசப்பண்ணன் பேச ஆரம்பித்தார். "தம்பி நெனப்பு வந்துடுச்சி. திருப்புடா கப்பலன்றான்" என்றார். பக்கத்தில் இருந்தவர் பழக்கத்தில் அதை அடுத்தவருக்குச் சொன்னார். அவர் இன்னொருவருக்குச் சொன்னார். எல்லோர் காதிலும் தமிழ் தெளிவாக விழுந்துகொண்டிருக்க, அந்தப் பொய் ஒவ்வொரு வாயாக நகர்ந்து பச்சையம்மாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நானும்தான் சொன்னேன்.

திரையில் கேப்டன் பேசப் பேச இவர் குரலும் உயர்ந்தது. "தேடுறான்! அதோ பாரு, தேடுறான்!" பின்னாலிருந்து ஒருவன், "யோவ் பெருசு, அதான் தமிழ்லயே பேசுறானே, நீ இன்னா ஊடால?" என்று கத்தினான். தேசப்பண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "அவன் தப்பா பேசுறான்யா! டப்பிங்ல மாத்திட்டானுங்க! இங்கிலீஸ்ல தம்பியத்தான் தேடுறான்!" தியேட்டரே கூச்சல் போட்டது. விசில் அடித்தார்கள். ஒரு டார்ச் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. முகமெல்லாம் கண்ணீர். வரிசை ஓரத்திலிருந்து பச்சையம்மா எழுந்தாள். "போதும் மாமா, குந்து. எனக்கே புரியுது" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். படம் முடிந்து, பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து, விளக்குப் போடும்வரை அவள் அசையாமல் பார்த்தாள். திரும்பும்போது ரயிலில் அவள் தலையிலிருந்த பூவை எடுத்துப் பக்கத்தில் இருந்த ஒரு குழந்தையிடம் கொடுத்தாள்.

மறு வாரமே ஏழுமலைக்குச் சடங்கு வைக்கச் சொல்லிவிட்டாள். உடல் இல்லாததால் பெட்டியிலிருந்த அவனுடைய சட்டையையும் லுங்கியையும் கரையில் வைத்தார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. சடங்கைச் செய்ய வேண்டியவர் அண்ணன்காரர்தான். வருவான் வருவான் என்று சொன்ன மனிதர், தலையை மழித்துக்கொண்டு தன் கையாலேயே தம்பியை அனுப்பி வைத்தார். அந்தக் கரையில் அன்று நின்றவர்கள் யாரும் அவர் முகத்தை மறந்திருக்க மாட்டார்கள். கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்தன, ஆள் அங்கே இல்லை.

அதன் பிறகு அவர் யாருக்கும் எந்தக் கதையும் சொல்லவில்லை. நான் போகும்போதெல்லாம் ஐஸ் பேக்டரி வாசலில் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே ஒரு தரம் தானாகப் பேசினார். "நம்ம கூட வந்த ஒருத்தன் வெளிய நின்னுட்டான். அவன் இன்னா ஆனான்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா வசந்தா? படம் எடுத்தவன் மறந்துட்டான், சரி. கேப்டனுமா மறந்துட்டான்?" எனக்கு அந்தப் படக்காரர்கள் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. எங்கோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, பழைய கதையில் ஓர் ஆள் பாக்கி இருக்கிறான் என்பதைக்கூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதிப் போடலாம் என்றுகூட நினைத்தேன். எழுதி என்ன ஆகப்போகிறது?

இப்போது தேசப்பண்ணனும் இல்லை. அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஆண்கள் திரும்பி வருவதற்குள் நானும் பச்சையம்மாவும் வீட்டைக் கழுவிவிட்டோம். ஈரத் தரையில் உட்கார்ந்தோம். அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்காததை அன்று கேட்டாள். "ரெண்டாவது படத்துல கயிறு அறுந்தப்போ அந்தக் கேப்டன் நெசமா இன்னா சொன்னான்? உனுக்குத் தெரியும்."

அவர் போன அன்றைக்கு அவரைப் பொய்யர் ஆக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் சொன்ன மாதிரியே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "கேப்டன் இன்னா சொன்னான்னா" என்று ஆரம்பித்தேன். "கயிறுதான் அறுந்துச்சி..."

பச்சையம்மா என் வாயைக் கையால் பொத்தினாள். "நீயும் ஆரம்பிச்சிடாத" என்றாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. என் தோளில் சாய்ந்து, அவருக்கும் சேர்த்து, ஏழுமலைக்கும் சேர்த்து, எண்ணூர்க்காரர் அனுப்பிய ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்ட அந்த மத்தியானத்துக்கும் சேர்த்து அழுதாள்.

அவர் போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்தப் பொய் ஒன்றுதான். அவர் சொன்னபோது ஒரு பெண்ணின் பாதி ஆயுள் அதன்மேல் நின்றது. என் வாயில் அது ஒரு வாக்கியம்கூட நிற்கவில்லை.